மெஷின்காரர் பார்த்த மூணு ஸ்கூலும் பார்க்காத ஒரு ஸ்கூலும்

எங்க வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமாகிப் பதிமூணு வருஷம் ஆச்சு, இந்த மனுஷன் ஒரு வேளைச் சாப்பாட்டை உட்கார்ந்து முடிச்சு நான் பார்த்ததில்ல. தட்டைக் கையில ஏந்திக்கிட்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமா நடப்பாரு. பஸ்ல போனா ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எழுந்து படிக்கட்டுல தொத்திக்குவாரு. கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி ஏங்க இப்படிப் பறக்கறீங்கன்னு கேட்டா, "எங்கேயோ ஒரு மெஷின் நின்னு போயிருக்குமேம்மா"ம்பாரு.

தொழில் அப்படி. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்றவரு. தோள்ல ஒரு பை, சட்டைப் பையில ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு விரல் நுனி. எங்க ஏரியாவுல இவருக்குப் பேரே மெஷின்காரர்தான். என்னையே பாதிப் பேரு "மெஷின்காரர் வீட்டம்மா"ன்னு கூப்பிடறாங்க, நான் என்னமோ மருந்துக்கடை கவுன்டர்ல நிக்காம சும்மா வீட்டுல மெஷினைத் துடைச்சுக்கிட்டு இருக்கற மாதிரி.

எங்க ஏரியா, நகரத்துலயும் சேராம ஊர்ப்புறத்துலயும் சேராம நடுவுல கிடக்கற இடம். ஒரே அச்சுல வார்த்த நாலு மாடிக் கட்டடங்க, ஒரு ரயில் ஸ்டேஷன், ஒரு பஸ் டிப்போ, நாலு அரசாங்க ஸ்கூல். அந்த நாலுல மூணு ஸ்கூலோட மெஷினுக்கு இவருதான் டாக்டர். நாலாவது, டிப்போவுக்குப் பின்னாடி இருக்கறது, வேற கம்பெனிக்காரங்க பார்க்கறாங்க. அங்க மட்டும் இவரு கால் வெச்சதில்ல.

ஒரு ஸ்கூலைத் தெரிஞ்சுக்க அஞ்சு நிமிஷம் போதும்னு பீத்திக்குவாரு. மெஷினைத் திறந்தா போதுமாம், ஸ்கூலோட குடலே தெரிஞ்சிடுமாம். மெயின் ரோட்டுல இருக்கற பெரிய ஸ்கூல்ல மாசம் அறுபதாயிரம் காப்பி ஓடும், அத்தனையும் பரீட்சைத் தாளு. "பசங்களைப் படிக்க வைக்கறாங்களா, பரீட்சை எழுதியே சாகடிக்கறாங்களா தெரியல"ம்பாரு. குளத்தோரம் இருக்கற ஸ்கூல்ல பின்னு குத்தின காகிதத்தை அப்படியே உள்ள விட்டுடுவாங்க. மாட்டிக்கிட்ட தாளை உருவினா, ஏதோ ஒரு பிள்ளை வரைஞ்ச இலை, யானை, பசையோட ஒட்டிக்கிட்டு வரும். ஸ்டேஷன் பக்கத்துல புதுசா கட்டின ஸ்கூல்ல ஒவ்வொரு டீச்சருக்கும் தனித்தனி ரகசிய நம்பர், மாசத்துக்கு இத்தனை பக்கம்தான்னு கட்டுப்பாடு. "மெஷின் கண்ணாடி மேல ஒரு கைரேகை கிடையாதும்மா. அது நல்லதா கெட்டதான்னுதான் எனக்குப் புரியல."

இதைக் கேட்கறதுக்குன்னே ஆளுங்க வருவாங்க. மேல் வீட்டு நர்ஸம்மா பையனுக்குப் பெரிய ஸ்கூல், எதிர் கட்டடத்து எலக்ட்ரீஷியன் பொண்ணுக்குக் குளத்தோர ஸ்கூல்னு இவரு நின்ன வாக்குலயே தீர்ப்பு சொல்லுவாரு. அவங்களும் கேட்டு நடந்து, நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில துள்ளி விழுமாமே, அந்தக் கதைதான் எங்க வீட்டுல நடந்தது.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பதினோரு வயசாச்சு, இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடறோம். பாப்பாவுக்குப் பேச்சு திக்கும். அறிவுல ஒரு குறையும் இல்ல, வாய்த்துடுக்குலயும் குறைவில்ல. வார்த்தை மட்டும் உதடு வரைக்கும் வந்து நிக்கும். கொஞ்சம் பொறுத்தா தானா வரும். பேச்சுப் பயிற்சி குடுக்கற மேடம் முதல் நாளே எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, சரி, என்னை உட்கார வெச்சு இவரை நிக்க வெச்சு, ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. "அவ பேசறப்ப எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க."

யாருகிட்ட சொல்ற பேச்சு! பாப்பா "எ... எ..."ன்னு ஆரம்பிச்சாப் போதும், "எரேசரா? எட்டு மணிக்கு எழுப்பணுமா? எதிர் வீட்டுக்குப் போகணுமா?"ன்னு மூணு கேள்வியை இவரு அடுக்கிடுவாரு. அவ சொல்ல வந்தது அதுல ஒண்ணுமே இல்லேன்னாலும், அலுத்துப்போய் ஏதாவது ஒண்ணுக்குத் தலையாட்டிட்டுப் போயிடுவா. எங்க வீட்டுல கேட்காமலே வந்து சேர்ந்த எரேசருங்க ஒரு டப்பா நிறைய இருக்கு. இவருக்கு அது பாசம். பிள்ளை கஷ்டப்படறதைப் பார்க்க மாட்டாம ஓடிப்போய் உதவறாராம்.

நான் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்ல. அவ திக்கறப்ப முகத்தைப் பார்க்க முடியாம அடுப்பைத் துடைக்க ஆரம்பிச்சுடுவேன். எங்க வீட்டு அடுப்பு மாதிரி சுத்தமான அடுப்பு இந்தக் கட்டடத்துலயே கிடையாது.

அஞ்சாம் வகுப்பு முடிச்சப்ப ரிப்போர்ட் வந்தது. "அமைதியான பிள்ளை"ன்னு அழகா எழுதியிருந்தாங்க. அமைதியாம் அமைதி! பூனையோட நியாயம் பேசறவ அவ. விசாரிச்சா, வருஷம் பூரா கிளாஸ்ல அவ வாயே திறக்கல. சத்தம் போட்டுப் படிக்கற நேரத்துல டீச்சர் இவளைத் தாண்டிப் பக்கத்துப் பிள்ளைக்குப் போயிடுவாங்களாம். நேரம் மிச்சமாகுதுல்ல. அதைக் கேட்ட அன்னிக்கு இப்படியே இன்னும் ஏழு வருஷம் போனா என் பொண்ணு ஊமையாவே ஆயிடுவாளேன்னு பயம் பிடிச்சுக்கிச்சு.

ஆறாம் வகுப்புக்கு ஸ்கூல் மாறணும். கல்வி ஆபீஸ்ல ஒரு ஃபாரம் குடுப்பாங்க. அதுல மூணு கட்டம். முதல்ல எது, ரெண்டாவது எது, மூணாவது எதுன்னு நிரப்பி, பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போய்க் குடுக்கணும். குடுத்ததுக்கு அப்புறம் மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி கடைசி.

"எனக்கு ரிசல்ட் வேண்டாம், கண்ணாடிக் கட்டடம் வேண்டாம். எந்த ஸ்கூல்ல இவ வாயைத் திறப்பாளோ அதை மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

அவ்வளவுதான், மனுஷனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போச்சு. வேஸ்ட்டான பெரிய தாள் ஒண்ணைக் கொண்டாந்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினாரு. நாலு பத்தி பிரிச்சாரு. நாலாவது பத்திக்கு டிப்போன்னு தலைப்பு போட்டு, கீழே ஒரு கேள்விக்குறி. மத்த மூணுலயும் தினம் எழுதுவாரு, தினம் அடிப்பாரு. ஒரு கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க, டீச்சருங்க சிரிக்கறாங்களா, வாட்ச்மேன் பசங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறாரா, பாத்ரூம்ல தாழ்ப்பா இருக்கா. திங்கக்கிழமை பெரிய ஸ்கூல் முதலிடம். செவ்வாய்க்கிழமை அது மூணாவது. பால் எடுக்கக் கதவைத் திறக்கறப்பல்லாம் எனக்குத் தலை சுத்தும். "டிப்போ ஸ்கூலையும் போய்ப் பாருங்களேன்"னா, "உள்ள போய் மெஷினைத் தொடாம எப்படிம்மா சொல்றது? வெளிய இருந்து பார்க்கறவன் பேச்சை நம்பக் கூடாது"ன்னுட்டாரு.

லீவு நாள்ங்கறதால வேலைக்குப் போறப்ப பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஸ்கூல்ல ஆபீசும், கொஞ்சம் டீச்சருங்களும் இருப்பாங்களே. பெரிய ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ், "உனக்கு என்ன பாடம் பிடிக்கும்?"னு கேட்டிருக்காங்க. "சயின்ஸ் மேடம்"னு பதில் சொன்னது இவரு. புது ஸ்கூல்ல, "பேர் என்னம்மா?" அதுக்கும் இவருதான். குளத்தோர ஸ்கூல்ல ஒரு டீச்சர் குனிஞ்சு முகத்துக்கு நேரா உட்கார்ந்து, கேட்டுட்டுக் காத்திருந்தாங்களாம். "நல்ல டீச்சரும்மா, அரை நிமிஷம் அப்படியே பொறுமையா இருந்தாங்க"ன்னு வந்து மெச்சிக்கிட்டாரு.

"அப்புறம் பாப்பா என்ன சொன்னா?"

"அவளுக்கு வரல. நான்தான் சொல்லிட்டேன்."

பாப்பா ஷூவைக் கழட்டிக்கிட்டே என்னைப் பார்த்தா. நான் அடுப்பைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இவரு வேலை முடிஞ்சு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம நேரா ஃப்ரிட்ஜுக்குப் போனாரு. "புது ஸ்கூலை முதல்ல போட்டுடலாம்மா. இன்னிக்குப் பார்த்தேன், அங்க..." பாப்பா நோட்டை மூடி வெச்சுட்டு, "அப்பா, நா... நா..."ன்னா. "நாளைக்குத்தான் கண்ணு, நாளைக்குப் போயிடலாம்"னு இவரு தலையைத் தடவிட்டுப் பேனாவை எடுத்தாரு. பாப்பா எழுந்து உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அறைஞ்சு சாத்தலை. மெதுவாத்தான் சாத்தினா. அதுதான் எனக்குத் தாங்கல.

"ஏங்க, நீங்க மனுஷனா மெஷினா?"ன்னேன். "இந்தத் தாளுல எத்தனை பேரைக் கேட்டு எழுதியிருக்கீங்க? வாட்ச்மேனைக் கேட்டீங்க, தோட்டக்காரரைக் கேட்டீங்க, பாத்ரூம் தாழ்ப்பாளைக் கேட்டீங்க. ஸ்கூலுக்குப் போகப் போறவளைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்னம்மா தெரியும்..."

"கேட்டாத்தானே தெரியும்! டீச்சருங்களுக்கெல்லாம் என்ன பாடம் எடுக்கறீங்க? தாளு மாட்டினா பிடிச்சு இழுக்காதீங்க, பச்சைக் குமிழை மெதுவாத் திருப்புங்க, அது போற வழியிலயே அதுவா வரும், இழுத்தா உள்ள இருக்கறது உடைஞ்சிடும்னு சொல்றீங்கல்ல? வீட்டுல மட்டும் இழுத்து இழுத்துப் பிடுங்கறீங்களே! அவ என்ன சொல்ல வந்தான்னு பதினோரு வருஷத்துல உங்களுக்கு ஒரு நாளாவது தெரியுமா?"

சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சிக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போறது நான். டிப்போவுல இறங்கி அந்த ஸ்கூல் கம்பி வேலி ஓரமாத்தான் நடக்கணும். அங்க வந்தா இவ நடை சுருங்கிடும். வேலியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள பார்ப்பா. "வா வா, நேரமாச்சு"ன்னு ஒவ்வொரு வாரமும் இழுத்துக்கிட்டுப் போனவ நான். என்னடி பார்க்கறேன்னு ஒரு வாரமாவது கேட்டிருப்பேனா? இவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இவரு பேனாவை மூடி சட்டைப் பையில வெச்சாரு. அன்னிக்குச் சாப்பிடறப்ப நடந்தாரு, ஆனா பேசாம நடந்தாரு.

வெள்ளிக்கிழமை கல்வி ஆபீஸ்ல எங்களுக்கு முன்னாடி நாப்பது பேரு, பின்னாடி நாப்பது பேரு. ஒரே ஃபேன், அதுவும் கவுன்டருக்கு உள்ள. இவரு காலையில எங்களுக்குத் தெரியாம ஃபாரத்தை நிரப்பிட்டு, வரிசையில நின்னுக்கிட்டே அடிச்சு, வெள்ளை மை பூசி, அது மேல மறுபடி எழுதி வெச்சிருந்தாரு. கவுன்டர்ல இருந்த அம்மா அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க.

"என்ன சார் இது, ஃபாரமா சுவரா? வெள்ளை அடிச்சிருக்கீங்க? இதெல்லாம் எடுத்துக்க மாட்டோம்." வேற ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டு, இவரை விட்டுட்டுப் பாப்பாவைப் பார்த்தாங்க. அந்த அம்மாவுக்கு அலுப்பு, அவ்வளவுதான். "நீ சொல்லும்மா. முதல்ல எந்த ஸ்கூல்? நான் எழுதிக்கறேன்."

பாப்பா வாயைத் திறந்தா. இவரும் திறந்தாரு. நான் இவரு மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். அதுக்குள்ள சட்டைப் பையில இருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"டி... டி..."

அந்த அம்மா பேனாவைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. நானும் எங்கேயும் திரும்பாம பொண்ணு முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். கண்ணு இறுகி, கழுத்து நரம்பெல்லாம் தெரிஞ்சது. இத்தனை வருஷமா இதைப் பார்க்காமலா இருந்தேன்னு அழுகை முட்டிச்சு. பின்னாடி நின்ன ஒரு ஆளு கைக்கடிகாரத்தைத் தட்டிக்கிட்டே, "அட, பெத்தவங்க யாராவது சொல்லுங்களேன், மூணே முக்கால் ஆச்சு"ன்னாரு.

இவரு சடார்னு திரும்பினாரு. "இருங்க சார். அவ சொல்லுவா."

எனக்குக் காதை நம்ப முடியல. இருங்கங்கற வார்த்தை அந்த வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்ல.

"டி... டிப்போ ஸ்கூலு"ன்னு பாப்பா சொல்லி முடிச்சா.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. "டிப்போவா? அந்த ஸ்கூலுக்குள்ள அப்பா போனதே இல்லையே கண்ணு!"

"அ... அதான்."

அதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பாரு. விடற ஆளா? "அதான்னா?"

பாப்பா அவரை நேராப் பார்த்தா. அவசரமே படல. "அங்க நீங்க வ... வரமாட்டீங்க. அங்க நா... நானே பேசிக்குவேன்."

இவரு முகம் செத்துப் போச்சு. பிள்ளைக்காகத்தானே ஓடினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. கவுன்டர் அம்மா, "எழுதட்டுமா சார்?"னு கேட்டாங்க. "அவ சொன்னதை எழுதுங்க"ன்னாரு. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ்ல இருந்த தாளைக் கிழிச்சு, நாலா மடிச்சு, ஆடுற மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்தாரு.

கேட்ட ஸ்கூலே கிடைச்சது. அது சொர்க்கம்னு நான் சொல்லமாட்டேன். பஸ் சத்தம், பஸ் புகை. முதல் வாரமே ஒருத்தி இவளை மாதிரி திக்கிப் பேசிக் காட்டியிருக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. நீ என்னடி பண்ணினேன்னு கேட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் ஆச்சு, பதில் வந்தது. அந்தப் பொண்ணு சரியாத் திக்கலையாம். இப்படித்தான் திக்கணும்னு இவ சொல்லிக் குடுத்தாளாம். இப்போ அவதான் இவளுக்கு உயிர்த் தோழி. ரெண்டாவது மாசம் டைரியில டீச்சர் சிவப்பு மையில எழுதி அனுப்பினாங்க: "வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். கண்டிக்கவும்." இவரு அதைக் கண்டிக்கல. ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போய் அஞ்சு காப்பி போட்டாரு. ஒண்ணு ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு.

போன வாரம் சாயங்காலம் இவரு தட்டோட நடந்துக்கிட்டு இருந்தப்ப கம்பெனி மேனேஜர் போன் பண்ணினாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்ததால எல்லாம் கேட்டது. டிப்போ ஸ்கூல் மெஷினும் இனிமே நம்ம கைக்கு வந்தாச்சு, நாளைக்கே போய்ப் பார்த்துடுங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் நடை நின்னுது. அந்த மெஷினைத் திறந்து பார்க்க அவரு விரல் எப்படித் துடிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷ வேலையில ஒரு இடத்துக்குப் போகமாட்டேன்னு சொன்னவரில்ல.

"சார், அங்க மட்டும் வேற ஆளை அனுப்பிடுங்க."

"ஏன்யா, உடம்பு சரியில்லையா? ஏதாவது தகராறா? தூரமா?"

"அதெல்லாம் இல்ல சார். அங்க என் பொண்ணு படிக்கறா. நான் அங்க வரமாட்டேன்னு நம்பி சேர்ந்திருக்கா."

மேனேஜருக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. சரி சரின்னு வெச்சுட்டாரு. மேசையில வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்த பாப்பா தலையைத் தூக்கவே இல்ல. பென்சில் மட்டும் நின்னுது. அப்புறம், "அப்பா, எங்க ஸ்... ஸ்கூல் மெஷின் இருக்குல்ல..."ன்னு ஆரம்பிச்சா.

இவரு வாய் தன்னால திறந்துச்சு. மூடிக்கிட்டாரு. தட்டை மேசை மேல வெச்சாரு. எதிர்ல இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாரு. அந்த மெஷின் எப்படிக் கத்துது, தாளு எந்த மூலையில கசங்குது, கறுப்புக் கோடு எங்க விழுதுன்னு அவ சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. சாப்பாடு ஆறிப்போச்சு. அவரு எழுந்திருக்கல.